வாயாடியின் வலது கை

அந்த அழகு நிலையம் மாடியில் இருந்தது. கீழே மருந்துக்கடை. படியேறும்போதே அவள் குரல் கேட்டுவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பள்ளிக்கூட ஆசிரியையோ பெரிய வீட்டு மருமகளோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். கத்திரி ஒரு பக்கம் ஓட, வாய் இன்னொரு பக்கம் ஓடும்.

"உங்க முடிக்கு என்னங்க குறை? நேத்து ஒருத்தங்க வந்தாங்க, அவங்களுக்கு வெட்டவே வேண்டாம், கூட்டிப் பெருக்கினாலே போதும்னு இருந்துச்சு."

உட்கார்ந்திருப்பவர் குலுங்கிச் சிரிப்பார்.

"ஆடாதீங்க, காது போயிடும். முடின்னா வளரும். காது வளர்க்கிற வித்தை நான் படிக்கல."

வாயாடி என்றுதான் கடையில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவாள்.

அவளுடைய கல்யாணமே அந்த வாயால் வந்ததுதான். அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடை நாற்காலிகளில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஒருவர் வந்தார். சோபா, மெத்தை, கார் சீட் எல்லாம் தைக்கிறவர். சுவரோரமாக முதுகைக் காட்டிக் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பதில் இல்லை. டீ சொல்லட்டுமா என்றாள். அதற்கும் இல்லை. இவளுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஏங்க, உங்களைத்தான்! வாயில என்ன ஆணியா வச்சிருக்கீங்க?"

அப்படியே சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் வாயில் நிஜமாகவே ஆணி இருந்தது. உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் குட்டி குட்டி ஆணிகள், ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பதற்கு. அவளைப் பார்த்ததும் அவற்றை உள்ளங்கையில் துப்பிவிட்டு, காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது.

வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அவமானத்தை அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த நாளே ஏதோ சாக்கு சொல்லி அவருடைய பட்டறைக்குப் போனாள். 'மன்னிச்சிடுங்க' என்பதைக் கையால் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதோடு நின்றிருக்கலாம். தண்ணீர், டீ, ஆணி, முதலாளி, கஞ்சத்தனம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஒரு வருடத்துக்குள் அவர் நண்பர்களெல்லாம் வியக்கும் அளவுக்கு சைகையில் பேசினாள். கல்யாணம் ஆனது. வாயாடி இரண்டு மொழியிலும் வாயாடி ஆனாள்.

மாலையில் வீடு திரும்பியதும் அன்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் அவருக்கு நடித்துக் காட்டுவாள். அவள் வலது கை ஒரு நாடகக் கம்பெனி. மூக்கை உயர்த்திக்கொண்டு வரும் மருமகள், கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு பொய்யாகச் சலித்துக்கொள்ளும் ஆசிரியை எல்லோரும் அந்த ஐந்து விரலுக்குள் வந்து போவார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். விளக்கை அணைத்த பிறகும் பேச்சு ஓயாது. இருட்டில் அவள் கையை அவர் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொள்வார். விரல்கள் அசைவதைத் தொட்டே புரிந்துகொள்வார். ஒரு மகள் பிறந்தாள். அவளுக்குக் காது கேட்டது. வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் பேசக் கற்றுக்கொண்டு வளர்ந்தாள்.

மகள் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

அன்று நல்ல மழை. வந்தவர்களெல்லாம் குடையை உதறி, காலைத் தேய்த்து, கடைத் தரை முழுக்க ஈரம். ஈரத்தின் மேல் வெட்டிய முடி. துவைக்க வேண்டிய துண்டுகளை மார்போடு அள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போனவள், யாரோ கேட்டதற்குத் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே போனாள். கால் வழுக்கியது. விழுகிறவர்கள் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். வலது கையை ஊன்றினாள். சுள்ளி முறிந்தது போல் ஒரு சத்தம்.

"கீழ விழுறப்பவும் வாய மூடலையே இவ" என்று முதலாளியம்மா ஆட்டோவில் அழைத்துப் போகும்போது சொன்னார். அந்த வலியிலும் அவள் சிரித்தாள்.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மணிக்கட்டுல சின்ன முறிவுதான். நேராக்கி மாவுக்கட்டு போட்டுடறேன். ஒன்றரை மாசம். அப்புறம் பழையபடி நீங்க கத்திரி பிடிக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் கணவர், துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியை எடுத்து மாவுக்கட்டின் மேல் ஒரு சோபா வரைந்தார். அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பிறகு கையால் சொன்னார்: "இனிமே ஒன்றரை மாசத்துக்கு நான் நிஜமாவே செவிடு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவள் இடது கையால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

சில நாள் போனதும் கட்டுக்குள்ளே எரிய ஆரம்பித்தது. முறிந்த இடம் வலிப்பது வேறு, இது வேறு. உள்ளங்கைக்குள் யாரோ தணலை வைத்துத் தைத்துவிட்டது போல் இருந்தது. டாக்டரிடம் போனாள். அவர் விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தார். ரத்தம் ஓடுகிறது, விரல் அசைகிறது என்றார்.

"எலும்பு முறிஞ்சா வலிக்கத்தானே செய்யும்? கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பிரசவ வலியின்போதே நர்ஸோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவள் அவள். பொறுத்துக்கொண்டாள்.

கட்டைப் பிரித்த நாளில் வெளியே வந்த கையைப் பார்த்தபோது, வேறு யாருடைய கையையோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வீங்கி, மெழுகு பூசினது போல் பளபளத்தது. பாதி நீலமும் பாதி சிவப்புமாக இருந்தது. சில்லென்றிருந்தது, ஆனால் வியர்த்துக் கொட்டியது. அறை உதவியாளர் ஈரப் பஞ்சால் மாவைத் துடைக்க வந்தார். பஞ்சு பட்டதும் அவள் போட்ட கத்தலில் வெளியே நடையில் காத்திருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள்.

டாக்டர் புதுப் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் திருப்தி.

"எலும்பு அருமையா கூடியிருக்கு. இதவிட அழகா கூட முடியாது. ரப்பர் பந்து வாங்கி நல்லா பிசைங்க, சரியாயிடும்."

பந்தா? ஒரு தாள் பட்டாலே தாங்கவில்லை. மின்விசிறிக் காற்று அந்தக் கையில் பட்டால் வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்தது. சட்டைக் கையின் ஓரம் உரசினால் உயிர் போனது. குளிக்கும்போது அந்த ஒரு கையை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு குளித்தாள். போர்வையை அதன் மேல் படவிடாமல் தலையணைகளை அடுக்கி நடுவே ஒரு கூடாரம் போல் கட்டி அதற்குள் கையை வைத்தாள். நாளாக ஆக விரல்கள் உள்நோக்கி மடங்கிக்கொண்டன. நகங்கள் தடித்தன. புறங்கையில் இதுவரை இல்லாத முரட்டு முடி முளைத்தது.

"அடுத்தவங்க முடிய வெட்டி வெட்டி, கடைசியில எனக்கே கையில முளைச்சுடுச்சு பாரு" என்று மகளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஒருநாள் பிடிவாதமாகக் கடைக்குப் போனாள். தன் கத்திரியை எடுத்துக் கட்டைவிரலில் மாட்டப் பார்த்தாள். இரும்பு பட்டதுமே கண்ணில் பொறி பறந்தது. கத்திரி தரையில் விழுந்தது. நாற்காலியில் இருந்த பெண், கண்ணாடி வழியாக அவளைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது.

முதலாளியம்மா அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போனார்.

"எலும்பு சேந்துடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரில்ல? உனக்கு விழுந்த பயம் இன்னும் போகல. அதான்."

"அக்கா, நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு யாரு சொன்னா? மனசைத் தளர விடாதேன்னு சொல்றேன்."

அடுத்த வாரம் கடையில் இன்னொரு பெண் வேலைக்கு வந்தாள். நீ வர்ற வரைக்கும்தான் என்று முதலாளியம்மா போனில் சொன்னார். அது நடக்காது என்று இருவருக்கும் தெரிந்தது.

அண்ணி பார்க்க வந்தார். பழங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, "என் தங்கச்சிக்கும் இதே மாதிரிதான் முறிஞ்சுது. கட்டு பிரிச்ச அடுத்த மாசமே ரெண்டு கையாலயும் மாவு பிசைஞ்சா. நாமதான் கொஞ்சம் முயற்சி பண்ணணும்" என்றார். அண்ணி போன பிறகு அவள் வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை எல்லோரும் சொல்வதுதான் சரியோ? தனக்குள்ளே எங்கோ ஒரு சோம்பேறி உட்கார்ந்துகொண்டு நடிக்கிறாளோ? வீட்டில் யாரும் இல்லாத சமயங்களில் வலி நிற்கிறதா என்று திருடனைப் பிடிப்பது போல் கவனித்துப் பார்த்தாள். வலி நிற்கவில்லை. பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

காது கேட்காத மனிதரின் வீட்டில் அழுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. அடுக்களைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டால் போதும். வாய்விட்டுக் கத்தி அழலாம். கூடத்தில் அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு ஒவ்வொரு சத்தமும் கேட்டது.

"அம்மா, அப்பாகிட்ட சொல்லும்மா."

"என்னத்தச் சொல்றது? சொல்றதுக்குக் கை வேணும்டி."

இடது கை பேசாமல் இல்லை. ஆனால் அது மழலை. நிறைய வார்த்தைகளுக்கு இரண்டு கையும் வேண்டும். அதைவிட, அவள் பேச்சின் ருசியெல்லாம் வேகத்தில் இருந்தது. இடது கை திக்கித் திணறி ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அதன் சிரிப்பு செத்துவிடும். அவரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மறுபடி சொல்லு என்பார். மறுபடி சொல்லும்போது தோள் அசையும். தோள் அசைந்தால் வலது கையில் தீ மூளும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்கு மாறினாள். மகளிடம் சொல்வாள், மகள் அப்பாவிடம் கையால் சொல்வாள்.

"சாப்பிட வரச் சொல்லு." "அந்த மாத்திரையை வாங்கிட்டு வரச் சொல்லு." "கதவைச் சாத்தச் சொல்லு, காத்து வருது."

இப்படியே போய், புருஷன் பெண்டாட்டி பேச்சு மொத்தமும் இந்த மூன்று நான்கு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. அவர் தன் மனைவி என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள மகளின் கையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு மாலை அவர் பட்டறையிலிருந்து வந்தபோது அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் நடந்த ஏதோ வேடிக்கை. அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. என்ன, என்ன என்று கையால் கேட்டார்.

முழுக் கதையையும் மறுபடி சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. மகளைப் பார்த்து, "ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றாள்.

உதட்டசைவிலேயே அவர் அதைப் படித்துவிட்டார். வேறு எந்த வார்த்தையைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த ஒன்று அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவர் அதிகம் பார்த்த வார்த்தை அது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால் அம்மா, அப்பா, அண்ணன்கள் எல்லோரும் ஒண்ணுமில்லை என்பார்கள். அவர் தனக்கென்று கட்டிக்கொண்ட இந்த வீட்டில் மட்டும்தான் இத்தனை வருடமாக அந்த வார்த்தை இல்லாமல் இருந்தது.

அவர் கைகள் வேகமாக எழுந்தன.

"இவகிட்ட பேசுற. போன்ல பேசுற. உன் அண்ணிகிட்ட பேசுற. என்கிட்ட பேசணும்னா மட்டும் வலியா?"

அவளுக்குப் பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. சொல்வதற்கு இருந்ததோ தத்துப்பித்தென்று உளறும் ஒரு கை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்காதவரிடமிருந்து முகத்தைத் திருப்புவது அவர் வாயைப் பொத்துவதற்குச் சமம். அது அவளுக்கும் தெரியும். அவர் பதறிப்போய், இத்தனை வருடமும் செய்த பழக்கத்தில், அவளைத் தன் பக்கம் திருப்புவதற்காகக் கையைப் பிடித்தார். வலது கையை.

அவள் முழங்கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவர் பார்த்தது திறந்த வாயை மட்டும்தான். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மகள் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிப்போய் நின்றாள். அதைப் பார்த்துத்தான் அந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்தது.

அன்றைக்குப் பிறகு அவர் அவளைத் தொடவில்லை. அவளைக் கடந்து போக வேண்டியிருந்தால் சுவரை ஒட்டிப் போனார். தெருவில் கண்ணாடித் தகடு தூக்குகிறவர்களைப் பார்த்து ஆட்கள் ஒதுங்குவார்களே, அப்படி.

ஆனால் சும்மா இருக்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போய், அவர் எழுந்து போக முடியாதபடி வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார். கடைசியில் டாக்டர், எலும்பில் ஒன்றும் இல்லை, வேண்டுமானால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். பிசியோதெரபி படித்தவள். நரைக்கத் தொடங்கிய வயது, சுருக்கென்று பேசுகிற சுபாவம். அவள் வந்ததும் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாலேயே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "தொடலாமா? வேண்டாம்னா சொல்லுங்க, தொட மாட்டேன்" என்றாள்.

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இது என் மனசுல இருக்கறதா சொல்றாங்க மேடம்."

"மனசுல இருந்தா கை ஏன் நீலமாகணும்? நகம் ஏன் தடிக்கணும்? இது ஒரு வியாதிம்மா. மணிக்கட்டு முறிஞ்ச சில பேருக்கு வருது. எலும்பு நல்லா கூடினாலும் வருது. ஏன் ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரலன்னு யாருக்கும் சரியா தெரியல. காயம் ஆறிடுச்சு. ஆனா நரம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரல. எரியுது எரியுதுன்னு அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கு. நீங்க நடிக்கல. யாராலயும் இதை வரவழைச்சுக்க முடியாது."

மகள் அப்பாவுக்கு இதைக் கையால் சொல்லிக்கொண்டே வந்தாள். 'நீங்க நடிக்கல' என்ற இடத்துக்கு வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரியாயிடுமா?" என்று வாயாடி கேட்டாள்.

"நிறைய பேருக்குக் குறையுது. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், அப்படியே நிறுத்திவிட்டு, "இப்பயாவது வந்தீங்களே, ஆரம்பிச்சிடலாம்" என்றாள். முதலில் பாதியில் விட்ட வாக்கியம்தான் வாயாடியின் மனதில் தங்கியது.

நரம்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். அது அவளைப் பகலெல்லாம் தூங்க வைத்தது. கையைப் பொத்திப் பாதுகாக்கக் கூடாது, அதற்குத் தொடுகையைத் திரும்பவும் பழக்க வேண்டும் என்றார்கள். முதலில் மெத்தென்ற துணி, பிறகு கொஞ்சம் சொரசொரப்பு. மகள் இதைச் சொன்னதும் அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். சோபா தைக்க வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரித் துணிகள் மொத்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பட்டு, வெல்வெட், பருத்தி, கம்பளி, சணல். எதை முதலில், எதைக் கடைசியில் என்று கண்ணை மூடிக்கொண்டு தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தினார். தினமும் பட்டறைக்குப் போகும் முன் ஒரு துண்டை அவள் மடியில் வைப்பார். அவள்தான் எடுத்துத் தன் கையில் தடவிக்கொள்ள வேண்டும். வெல்வெட்டே அவளுக்கு முள்ளாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தடவினாள். அவர் எதிரே நின்று, அவள் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் தானும் பல்லைக் கடித்தார்.

இன்னொரு பயிற்சி கண்ணாடி. மேஜையில் ஒரு கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, வலது கையை அதற்குப் பின்னால் மறைத்துவிட வேண்டும். முன்னால் இடது கையை வைத்து அசைத்தால், கண்ணாடியில் தெரிவது வலது கை போலவே இருக்கும். வலியில்லாமல் மடங்கி விரியும் ஒரு வலது கை. அதைப் பார்த்துப் பார்த்து மூளை சமாதானமாகும் என்றாள் பயிற்சிக்காரி. அவர் பழைய அலமாரிக் கண்ணாடியை வெட்டி, பலகை அடித்து, வீட்டிலேயே ஒன்று செய்து கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் வெளியே போயிருந்தாள். அவள் கண்ணாடி முன் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். அவர் இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வெயிலும் அவ்வளவாக இல்லை, காற்றும் இல்லை. வலி கொஞ்சம் அடங்கியிருந்த நேரம். அவளுக்குப் பழைய குறும்பு லேசாகத் தலைதூக்கியது. இடது கையாலேயே முதலாளியம்மாவை நடித்துக் காட்டினாள். இடுப்பில் கைவைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 'மனசைத் தளர விடாதே' என்றாள்.

அவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்கு ஒரே சந்தோஷம். இன்னும் கொஞ்சம் நடித்தாள். அப்போதுதான் கவனித்தாள். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அவளைப் பார்க்கவேயில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளே அவளுடைய வலது கை, மெலிசாக, வேகமாக, பழையபடி பேசிக்கொண்டிருந்தது.

தன் கையைப் பார்த்தே அவளுக்குப் பொறாமை வந்தது. அப்படி ஒரு பொறாமை யாருக்கும் வந்திருக்காது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கண்ணாடி காலியானது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தை போல், தப்பும் தவறுமாகச் சொன்னாள்.

"அது நான் இல்ல. அவ போயிட்டா. இங்க இருக்கறதுதான் நான். இதைப் பாருங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டூலை இழுத்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அவள் இடது கையைத் தன் விரல்களால் தொட்டார். அந்தச் சண்டைக்குப் பிறகு முதல்முறையாக. 'போயிட்டா' என்பதற்கு அவள் விரலை வைத்த விதம் தவறு. திருத்தி வைத்துக் காட்டினார். இன்னொரு முறை சொல்லு என்றார்.

மாதங்கள் போயின. வீக்கம் வடிந்தது. நிறம் பாதிக்குமேல் திரும்பியது. பருத்தித் துணி படலாம் என்று ஆனது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன. ஆனால் மற்ற மூன்று விரலும் மடங்கியது மடங்கியதுதான். எரிச்சல் முன்னைப்போல் கொழுந்துவிடவில்லை, கனன்றுகொண்டே இருந்தது. குளிர்ந்த நாட்களில் மட்டும் பழையபடி மூண்டது. கத்திரியை எடுத்து வரக் கடைக்குப் போனபோது, நாற்காலியில் அவளுடைய பழைய வாடிக்கை ஆசிரியை உட்கார்ந்திருந்தார்.

"நீ இல்லாம கடையே ஊமையாயிடுச்சும்மா. எப்ப வர?"

"வரேங்க" என்றாள். வேறு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தாள். கண்ணாடியில் புதுப் பெண்ணின் கைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில், சொல்ல வந்தது நினைவுக்கு வரவில்லை. கத்திரியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் அம்மாவின் இடது தோளில் முகத்தை வைத்து, "நான் போயிட்டா அப்பாகிட்ட யாரு சொல்லுவா?" என்று அழுதாள்.

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? போடி, உங்கப்பாவுக்கு உன்னைவிட என்னைத்தான் நல்லா புரியும்" என்றாள். பாதி உண்மை. வீட்டில் இருவர் மட்டும் ஆனதும் பேச்சு மெதுவாகத்தான் நடந்தது. அவள் இடது கை ஒரு வாக்கியம் சொல்லும் நேரத்தில் முன்பு நான்கு சொல்லியிருப்பாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். காத்திருப்பது தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவரும் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டார். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு குளிர்நாளில். பயிற்சிக்காரி கையைத் தொட்டு, மடக்கி, விரித்துப் பார்த்தாள். கேட்டுவிட்டுத்தான் தொட்டாள், எப்போதும் போல.

"இனிமே மாசாமாசம் வர வேண்டாம். ரொம்ப அதிகமானா வாங்க. இவ்வளவு வந்ததே பெரிய விஷயம்."

"இதுக்கு மேல?"

"வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதோட வாழப் பழகிக்கணும்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணாடியை ஏற்றி மூடி, வலது கையை மடியில் துணிக்கடியில் வைத்துக்கொண்டாள். அவர் இடது பக்கம் உட்கார்ந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டார். சொன்னாள். அவர் முன்சீட்டின் கிழிந்த உறையையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"இப்ப வலிக்குதா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. பரவாயில்லை. அதைச் சொல்லத்தான் கையை எடுத்தாள். ஏனோ அன்றைக்கு அது வரவில்லை.

"வலிக்குது" என்றாள். "எப்பவும் வலிக்குது. நான் சிரிக்கிறப்பவும் வலிக்குது. நீங்க பக்கத்துல வந்தா தட்டிடுவீங்களோன்னு உங்களைப் பார்த்தே பயமா இருக்கு. அப்படிப் பயப்படறது எனக்குப் பிடிக்கல. சில நாள் இதை வெட்டி எடுத்துட்டா தேவலன்னு இருக்கு. சுவத்தைப் பார்த்துக்கிட்டு அழுவேன். உங்களுக்குக் கேக்காதுன்னு அழுவேன். அது தப்பு."

வார்த்தை கிடைக்காத இடங்களில் கை அந்தரத்தில் நின்றது. அவர் எடுத்துக் கொடுத்தார். இதுவா? இல்லை. இதுவா? ஆமாம், அதுதான். பஸ்ஸில் சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் கவனிக்கவில்லை. அவள் முடித்தபோது, இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னால் போயிருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்கள். அவள் வலது பக்கத்திலிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. துணிக்குள்ளே கையில் தீ பற்றியது. அவள் முகத்தைப் பார்த்த அவர், இடது பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, காற்றை மறித்தாற்போல் நடந்தார். நடுவே ஒரு ஆள் போகிற இடைவெளி விட்டு, தொட்டுவிடாதபடி. அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு அவளுடைய இடது கை தெரியாது. வீடு வரும்வரை இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.